உதவியாளர்: தீன்குலச் செல்வி

பூவுலகைக் காக்கும் பெரும் பொறுப்பை, உரிய காலத்தில், உரிய ஒருவர் தோளில் வரலாறு இறக்கி வைத்தே தீரும். வெப்பம் ஏறி, கடல் உயர்ந்து, மனித குலம் கையைப் பிசைந்து நின்ற வேளையில், அந்தப் பொறுப்பு காரைக்கால் தலத்தெரு பீர் மைதீன் மரைக்காயரின் வருங்கால மருமகனிடம் வந்து சேர்ந்தது. லேமினேட் செய்த அட்டையாக வந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பச்சை நாடாவும் கூடவே வந்தது.

அட்டையில் 'பசுமைக் கட்டட வல்லுநர்' என்று போட்டிருந்தது. மாப்பிள்ளை தாரிக்குக்குத் துபாயில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் "ஸஸ்டெய்னபிலிட்டி" என்பார். கேட்டவர் அதற்கு மேல் கேட்பதில்லை. நிச்சயத்தின்போது தாரிக்கின் தாயார் அந்த அட்டையின் நகலைப் பழத்தட்டில், ஆப்பிளுக்கும் பேரீச்சம்பழத்துக்கும் நடுவில் நிறுத்தி வைத்து அனுப்பியிருந்தார்.

பீர் மைதீன் இருபத்தெட்டு வருஷம் ஷார்ஜாவில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். எந்தப் பொருளையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தால் விலை சொல்லிவிடுவார். இந்த அட்டைக்கு மட்டும் அவருக்கு விலை சொல்லத் தெரியவில்லை. ஆகவே அது விலைமதிப்பற்றது என்று முடிவு செய்துவிட்டார்.

அவர்கள் குடும்பங்களில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டில் வந்து குடியேறுவார். பீர் மைதீனின் மனைவி அமீர் நிஷாவுக்கும் அப்படி ஒரு வீடு வந்தது. பீர் மைதீன் அதில் முப்பத்திரண்டு வருஷமாக மாப்பிள்ளையாகவே இருந்து வருகிறார். ஒரே மகள் ரிஃபானாவுக்காகத் தலத்தெருவில் இப்போது மாடி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. ஜூன் மாதமே செட்டில்மெண்ட் பத்திரம் அவள் பெயருக்குப் பதிவாகிவிட்டது. அவளும் போய்க் கையெழுத்துப் போட்டாள். இங்கிருந்து பத்திர நகல் போயிற்று, அங்கிருந்து அட்டை நகல் வந்தது. இரண்டு வீட்டாருக்கும் திருப்தி. வீட்டின் நெற்றியில் 'பசுமை இல்லம் - தங்கத் தரம்' என்று ஒரு பித்தளைப் பலகை மட்டும் ஏறிவிட்டால், சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் பீர் மைதீன் நிமிர்ந்து நிற்கலாம்.

இதில் யாரும் எடுத்துச் சொல்லிக்கொள்ளாத சங்கதி ஒன்று இருந்தது. அந்த அட்டையைக் கொடுக்கிற மன்றத்தின் தேர்வை ரிஃபானாவும் எழுதியிருந்தாள். சிவில் இன்ஜினியரிங் முடித்தவள். சென்னைக்குப் போய் எழுதி, எண்பத்தொன்பது மதிப்பெண் வாங்கித் தேறியிருந்தாள். ஆனால் தேர்வு பாதிக் கிணறுதான். தேறிய இரண்டு வருஷத்துக்குள் ஒரு கட்டடத்துக்காவது 'பொறுப்பு வல்லுநர்' என்று பெயர் பதிந்து, மன்றத்தின் ஆய்வில் அதைத் தேற்றிக் காட்ட வேண்டும். தவறினால் எண்பத்தொன்பதும் பூஜ்யம். அவளுடைய இரண்டு வருஷம் அந்த டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிகிறது. சென்னையில் ஒரு நிறுவனம் அவளை நேர்காணல் செய்து, 'அட்டையோடு பிப்ரவரி ஒன்றாம் தேதி வந்து சேருங்கள்' என்று கடிதம் கொடுத்திருந்தது. அந்தக் கடிதத்தை யாரும் பழத்தட்டில் வைக்கவில்லை.

அவளுக்கு இருந்த ஒரே கட்டடம் அந்த வீடுதான். ஒரு வருஷமாக அவள் அதிலேயே கிடந்தாள். துப்பட்டாத் துண்டுகளை மூங்கிலில் கட்டி, கடற்காற்று எந்த மாதம் எங்கே நுழைகிறது என்று பார்த்துத்தான் சன்னல்களுக்கு இடம் குறித்தாள். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வெப்பமானியோடு நின்றாள். மழைநீருக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர் தொட்டி கட்ட வைத்தாள். கொத்தனார் இளையபெருமாள் தன் முப்பது வருஷத் தொழிலில் பார்க்காத கொடுமைகளையெல்லாம் அவளிடம் பார்த்தார்.

"ஒடைஞ்ச செங்கல்லு ஒரு குமி, ஒடைஞ்ச டைல்ஸு ஒரு குமி, சிமிட்டிச் சாக்கு ஒரு குமி. பாப்பா, நான் வீடு கட்டுறனா, காயலாங்கடை வச்சிருக்கனா?"

"வீடுதான் கட்டுறீங்க அண்ணே. அந்த மூணு குமியவும் போட்டோ எடுத்து அனுப்பிடுங்க."

"குமியச் சிரிக்கச் சொல்லவா?"

திட்டிக்கொண்டேதான் எடுத்தார். ஆனால் ஒரு குமி விடாமல் எடுத்தார்.

ஆகஸ்டில் தாரிக் விடுப்பில் வந்தார். கறுப்புக் கண்ணாடியோடு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மாடியில் மேற்குப் பார்த்த அறையில் நின்று, இரண்டு கைகளையும் விரித்து, அந்தச் சுவர் வேண்டாம் என்றார்.

"துபாய்ல எல்லாம் ஃபுல் கிளாஸ்தான் மாமா. டேலைட் உள்ள வரும், லைட்டே போட வேணாம். அதான் கிரீன்."

"அது மேக்கு" என்றாள் ரிஃபானா. "மத்தியானத்துக்கு மேல வெயிலு உள்ளயேதான் குடியிருக்கும்."

"ஏசி இருக்குல்ல?" என்றார் பசுமைக் கட்டட வல்லுநர்.

பீர் மைதீன் மகளைப் பார்த்து, "மாப்புள வாய்விட்டுக் கேட்டுட்டாரு புள்ள" என்றார். அவ்வளவுதான் விவாதம். எட்டடிக்கு ஆறடி கண்ணாடி வந்து இறங்கியது. இளையபெருமாள், தான் கட்டிய சுவரைத் தானே இடித்து, ஒடைஞ்ச செங்கல் குமியில் கொண்டுபோய்ப் போட்டார். போட்டோவும் எடுத்தார்.

செப்டம்பரில் மன்றத்தில் வீட்டைப் பதிய வேண்டியிருந்தது. ரிஃபானா எல்லா விவரங்களையும் எழுதி, பொறுப்பு வல்லுநர் என்ற இடத்தில் தன் பெயரையும் எழுதி, வாப்பாவிடம் கொடுத்தாள். அவர் அதை சஃபியுல்லாவின் கடைக்கு எடுத்துப் போனார். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை மூன்றும் அங்கே ஒரே மேஜையில் நடக்கும்.

பதிந்தாயிற்று என்றார் வாப்பா. அவள் நம்பினாள். நவம்பர் கடைசியில் ஆய்வுக்கு நாள் குறித்து மன்றத்திலிருந்து வந்த கடிதத்தை சஃபியுல்லா அச்செடுத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். ரிஃபானா பிரித்தாள்.

பொறுப்பு வல்லுநர்: ஜனாப் தாரிக், துபாய்.

உதவியாளர்: எமது அன்பு மகள், தீன்குலச் செல்வி.

அந்தக் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பெயரைப் போடுகிற வழக்கமில்லை. 'தீன்குலச் செல்வி' என்று போட்டு நிறுத்திவிடுவார்கள். வருகிறவர்களுக்கு யார் மகள் என்று தெரியும், அது போதும். மன்றத்துக்கும் போதும் என்று காரைக்கால் முடிவு செய்திருந்தது.

அவள் நேரே சஃபியுல்லாவின் கடைக்குப் போனாள்.

"நானா, இது என்ன?"

"அதுவாம்மா? ஒங்க வாப்பா ஒரே தாள்லதான் எழுதிக் குடுத்தாங்க. மேல பத்திரிகை, கீழ இது. பத்திரிகை மேட்டரு கம்ப்யூட்டர்ல ரெடியா இருந்துச்சு. அப்புடியே எடுத்து ஒட்டிட்டேன்."

"எம்பேரு எங்க?"

"பொண்ணு பேரு போட மாட்டாங்களேம்மா."

"இது பத்திரிகை இல்ல நானா! நான் படிச்ச படிப்பு. நான் கட்டுன வீடு!"

சஃபியுல்லா தாளை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்தார்.

"எழுத்துப்பிழ ஒண்ணும் இல்லியே?" என்றார்.

வீட்டில் பீர் மைதீன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ரிஃபானா டிவியை அணைத்துவிட்டுத் தாளை அவர் மடியில் போட்டாள்.

"மாப்புளைக்கு ஒரு மருவாதி வேணாமா புள்ள?" என்றார் அவர். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. விண்ணப்பத்தில் முதல் பெயர் என்பது அவரைப் பொறுத்தவரை விருந்தில் முதல் சஹன் தட்டு. யார் சமைத்தது என்று பார்த்தா வைக்கிறோம்?

"மருவாதின்னா மாலை போடுங்க. குதிரையில ஏத்துங்க. எம்பேர எடுத்து ஏன் வைக்கிறீங்க?"

"ஒம்பேரு அவரு பேரு எல்லாம் ஒண்ணுதானே."

"ஒண்ணுன்னா எம்பேரையே விட்டிருக்கலாமே வாப்பா?"

பீர் மைதீன் மாட்டிக்கொண்ட இடத்தில் எப்போதும் செய்வதைச் செய்தார்.

"நிஷா! இங்க வந்து இவள என்னன்னு கேளு."

அமீர் நிஷா வந்து கேட்டார். "என்னடி, வீடே ஒம்பேர்ல இருக்கு. ஒரு காயிதத்துல பேரு இல்லாட்டி என்ன தேஞ்சு போச்சு?"

"காயிதம் இருந்தாத்தான் உம்மா வேலை."

"வீடு இருக்குறவளுக்கு வேலை எதுக்கு?"

ரிஃபானா புது வீட்டு மாடிக்குப் போய் மன்றத்தின் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். பொறுப்பு வல்லுநர் தாமாகவே ஒரு வரி எழுதி விலகிக்கொள்ளலாம் என்று இருந்தது. அதற்கு மேல் புரட்டாமல் நிம்மதியானாள். படித்த மனிதர், ஒரு வரி எழுதித் தர மாட்டாரா? தாரிக்குக்குப் போன் செய்தாள்.

"ரிஃபானா, நீங்க புரிஞ்சுக்கணும்" என்றார் அவர். "கார்டு ரினியூ பண்ண மூணு வருஷத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் காட்டணும். மார்ச்சோட எனக்கு முடியுது. ஆபீஸ்ல என்னைய எக்ஸல் ஷீட்டுலதான் ஒக்கார வச்சிருக்காங்க. இத விட்டா எனக்கு வேற பில்டிங் இல்ல."

"எனக்கும் இல்ல."

"ஒங்களுக்கு என்னங்க, இன்னொரு தடவ எக்ஸாம் எழுதலாம். நீங்கதான் நல்லா எழுதுவீங்களே!"

அவள் போனைச் சுவரில் எறியவில்லை. எறியாததற்கு ஒரே காரணம், அந்தச் சுவரை அன்று காலைதான் பூசியிருந்தார்கள்.

ஆய்வு டிசம்பர் நான்காம் தேதி. நிக்காஹ் ஜனவரி முதல் வாரம். இரண்டுக்குமாகச் சேர்த்துத் தாரிக் விடுப்பு எடுத்து வந்துவிட்டார். புது வீட்டு வாசலில் இருபதடி பிளாஸ்டிக் பேனர் ஏறியது. 'புவியின் காவலரே! பசுமையின் நாயகரே! வருக வருக!' ஒரு பக்கம் அட்டையோடு தாரிக். மறுபக்கம் மன்றத்தின் ஆய்வாளர் வைத்திலிங்கம். அவர் படம் கிடைக்காததால் ஒரு மரத்தின் படத்தைப் போட்டிருந்தார்கள். மூன்று நாள் மழையில் மின்சாரம் போய்விட்டதால், பசுமை இல்லத்தைக் காட்டுவதற்கு டீசல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

வைத்திலிங்கம் பதினொரு மணிக்கு வர வேண்டியவர். இரண்டு மணிக்குத்தான் வந்தார். மன்றத்தின் இணையப் பட்டியலில் காரைக்கால் என்று ஒரு மாவட்டமே கிடையாது. சஃபியுல்லா கைக்கு அருகே இருந்த நாகப்பட்டினத்தைத் தட்டிவிட்டிருந்தார். வைத்திலிங்கம் நாகப்பட்டினத்தில் இறங்கி, தலத்தெருவைத் தேடி மூன்று ஆட்டோக்காரர்களோடு சண்டை போட்டுவிட்டு, எல்லைச் சோதனைச்சாவடி தாண்டி வந்து சேர்ந்தார். பெயருக்குப் பின்னால் பட்டங்களாகப் பதினொரு எழுத்துகள் கொண்ட மனிதர். நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவம் கையில். மாலையில் மயிலாடுதுறையில் ரயிலைப் பிடிக்க வேண்டும். பசியோ கண்ணை மறைத்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் பசுமை என்று முடிவாயிற்று.

சாப்பாடு முடிவதற்குள் அசர் தொழுகை நேரம் வந்துவிட்டது. மாடி அறையில், மக்கா இருக்கும் மேற்குத் திசைக்கு, அந்தப் பெரிய கண்ணாடியைப் பார்த்தபடி பாய் விரித்து ஆண்கள் தொழுதார்கள். முன்னால் பீர் மைதீன், அவருக்குப் பின்வரிசையில் தாரிக். அதற்குப் பிறகு ஆய்வு தொடங்கியது. பொறுப்பு வல்லுநர் தாமே உடன் நடந்து விளக்க வேண்டும் என்பது விதி. ரிஃபானா அடுப்படியில் இருந்தாள். தான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கப் போவதில்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். அவளருகே அமர்ந்திருந்த தாரிக்கின் தாயார், மகனின் குரல் கேட்கும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"மழைத்தண்ணித் தொட்டி ரொம்பிட்டா மிச்சத் தண்ணி எங்க போகுது?" என்றார் வைத்திலிங்கம்.

"அது ஆட்டோமேட்டிக் சார்."

"சரி. எங்க போகுது?"

"வெளியில."

இளையபெருமாளால் பொறுக்க முடியவில்லை. "கெணத்துக்குப் போவுது சார். பாப்பா சொல்லித்தான் தனிக் கொழா போட்டோம்."

"எந்தப் பாப்பா?" வைத்திலிங்கம் படிவத்தைப் புரட்டினார். "ஓ, இவங்களா? உதவியாளர்னு போட்டிருக்கே. தீன்குலச் செல்வி. செல்வி மேடம் எங்க?"

பீர் மைதீன் தொண்டையைச் செருமினார். "உள்ள வேலையா இருக்காங்க சார்."

அடுப்படியில் ஒரு பாத்திரம் தரையில் விழுந்தது. விழவில்லை, போடப்பட்டது.

சுவரில் எந்தக் கல் என்று கேட்டபோது தாரிக் "ஈகோ ஃபிரெண்ட்லி" என்றார். கூரையில் ஏன் வெள்ளை ஓடு என்று கேட்டபோது "லுக்குக்காக" என்றார். வைத்திலிங்கம் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே மாடி ஏறினார். மேற்கு அறைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். மூன்று நாளாக மூடிக்கிடந்த வானம் அப்போதுதான் விலகி, எட்டடிக்கு ஆறடி வெயில் அறைக்குள் நின்றுகொண்டிருந்தது.

"இவ்ளோ பெரிய கண்ணாடி எந்தத் திசையில வச்சிருக்கீங்க?"

தாரிக்குக்கு ஒன்று மட்டும் தெரிந்திருந்தது. மேற்கு என்று சொன்னால் மதிப்பெண் போய்விடும். அதற்கெல்லாம் படித்தவர்தானே.

"வடக்கு சார்."

"வடக்கா?" வைத்திலிங்கம் படிவத்தை எடுத்துக் கண்ணுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டார். வழுக்கையில் வெயில் பளபளத்தது. "சூரியன் அங்கதானே இருக்கு?"

"நார்த் சைடுல டிஃப்யூஸ்டு லைட் கொஞ்சம் அதிகம் சார்."

வைத்திலிங்கம் பதினொரு எழுத்துக்காரர். சூரியனைப் பார்த்தார், தாரிக்கின் அட்டையைப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்று அவருக்கு நிஜமாகவே குழப்பம் வந்துவிட்டது. பீர் மைதீன் பக்கம் திரும்பினார்.

"பாய், நீங்க சொல்லுங்க. இது வடக்கா?"

பாய்கள் இன்னும் சுருட்டப்படவில்லை. கண்ணாடியைப் பார்த்து விரித்தபடியே கிடந்தன. பீர் மைதீன் அவற்றைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். பொது இடத்தில் மாப்பிள்ளை சொன்னதை மாமனார் மறுத்த சரித்திரம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

"மாப்புள சொன்னா வடக்குதான் சார்" என்றார்.

"அப்ப இப்ப எந்தப் பக்கம் பாத்து அசர் தொழுதீங்க வாப்பா?"

ரிஃபானா மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி இருந்தது. எடுத்து வந்தது அவளுக்கே தெரியாது. இளையபெருமாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. பீர் மைதீன் பாயின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அது மேற்கு சார். நான் அங்க சுவருதான் வச்சிருந்தேன். இடிச்சுட்டு வச்ச கண்ணாடி அது. எழுதிக்கங்க."

"நீங்க யாரும்மா?"

"செல்வி மேடம்."

தாரிக் குறுக்கே வந்தார். "ரிஃபானா, ப்ரொஃபஷனலா பேசுவோம்."

"திசை தெரியாதவரோட ப்ரொஃபஷனலா என்ன பேசுறது?" என்றவள், வைத்திலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "சார், வீட்டு உரிமையாளர் எழுதிக் குடுத்தா வல்லுநர மாத்தலாம்ல?"

"மாத்தலாம். விதி ஒம்பது. ஆனா அத பாய்தான் எழுதித் தரணும்."

"வீடு அவங்களது இல்ல. என்னோடது. பத்திரம் இருக்கு."

ஒரு வருஷமாகத் தனக்குள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு வரியில் இறங்கிவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு. வைத்திலிங்கம் புதுத் தாள் எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"புதுப் பொறுப்பு வல்லுநர் பேரு?"

"ரிஃபானா. பீர் மைதீன் மகள்."

"உரிமையாளர் பேரு?"

"ரிஃபானா. பீர் மைதீன் மகள்."

வைத்திலிங்கம் பேனாவை மூடினார்.

"விதி பதினொண்ணும்மா. சொந்தக் கட்டடத்துக்கு உரிமையாளரே பொறுப்பு வல்லுநரா இருக்கக் கூடாது."

தாரிக் நாடாவைச் சரிசெய்துகொண்டார். "நான் அப்பவே சொன்னேன் மாமா" என்றார். அவர் எப்போதும் சொல்லவில்லை. கீழிருந்து படியேறி வந்துகொண்டிருந்த அவருடைய தாயார், "அல்ஹம்துலில்லாஹ்! பிரச்சனை தீந்துச்சு. சார் காப்பி குடிக்கிறாங்களா கேளு" என்றார்.

ரிஃபானா கரண்டியைச் சன்னல் திண்டில் வைத்தாள்.

"வீட்டத் திருப்பி எழுதிக்கங்க வாப்பா."

"என்னம்மா சொல்ற?"

"எனக்கு வேணாம். உங்க பேருக்கு மாத்துங்க. உங்க வீட்டுக்கு நான் வல்லுநரா இருந்துக்குறேன்."

"அடியேய்!" என்று அலறியது அமீர் நிஷாவின் குரல். அவரும் படியேறி வந்திருந்தார். "வீட்ட வேணாங்குறியா? பொட்டப்புள்ள வீட்ட வேணாங்குறியா? எந்தக் குடும்பத்துலடி கேட்டிருக்க?"

தாரிக்கின் தாயார் அதைவிட நிதானமாகக் கேட்டார். "வீடு இல்லாம எம்புள்ள வந்து எங்க இருப்பான்?"

"வர வேணாம் மாமி" என்றாள் ரிஃபானா.

எல்லோரும் பீர் மைதீனைப் பார்த்தார்கள். அவர் பாயின் விளிம்பிலிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எதிரே கண்ணாடி வழியாகச் சூரியன் அவர் முகத்தில் நேராக அடித்தது. கையால் மறைத்துப் பார்த்தார், தலையைத் திருப்பிப் பார்த்தார். முடியவில்லை.

"சார்" என்றார். "அது மேக்குத்தான். நான் பொய் சொல்லிட்டேன்." பிறகு மகளிடம், "அடுத்த வாரம் வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிஞ்சு ரிஜிஸ்தர் ஆபீசு போவலாம்" என்றார்.

அவர் மனம் திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தாரிக்கின் வீட்டார் காரில் ஏறும்போது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "கண்ணாடிய வேணா வடக்கால மாத்திடலாம் மாப்புள" என்றும் சொல்லிப் பார்த்தார்.

பத்திரம் பன்னிரண்டாம் தேதி திரும்பி எழுதப்பட்டது. விண்ணப்பத்தை ரிஃபானா தானே உட்கார்ந்து தட்டினாள். சஃபியுல்லா பின்னால் நின்றுகொண்டு, "பேருக்கு முன்னாடி தீன்குலச் செல்வின்னு ஒரு வார்த்தை போட்டா லட்சணமா இருக்கும்மா" என்றார். போடவில்லை. வைத்திலிங்கம் இருபத்தேழாம் தேதி மறுபடி வந்தார். இந்த முறை நேராகக் காரைக்காலுக்கு. ரிஃபானா அவரை மூன்று மணிநேரம் கூட்டிச் சுற்றி, கிணற்றையும் தொட்டியையும் காற்று வரும் வழியையும் காட்டி, நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். பதின்மூன்று கேள்விகளை அவளே திருத்தியும் கொடுத்தாள். கண்ணாடிக்கு வெளியே இளையபெருமாள் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி நிழல் கொடுத்திருந்தார். அப்படியும் அந்த ஒரு சன்னலால் தங்கம் போயிற்று. வெள்ளித் தரம்தான் கிடைத்தது.

பேனரைக் கொத்தனார் சிமெண்டு மூட்டைகள் நனையாமல் மூட எடுத்துக்கொண்டார். அச்சடித்து வந்திருந்த எண்ணூறு பத்திரிகைகளின் பின்பக்கம் காலியாக இருந்ததால், அளவு குறிக்க அவையும் அவருக்கே போயின. மறுபயன்பாட்டுக்கு ஒரு மதிப்பெண் சேர்ந்தது. அமீர் நிஷா மகளோடு பேசுவதில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "வீட்டக் குடுத்துட்டு அட்டை வாங்குனவ ஊருலயே எம்மவ ஒருத்திதான்" என்று சொல்கிறார். தாரிக்கின் அட்டை மார்ச்சில் காலாவதியாகும் என்று தெரிந்ததும் அந்த வரியைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறார்.

ரிஃபானாவின் அட்டை ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி தபாலில் வந்தது. முழுப் பெயரும் இருந்தது. முப்பத்தொன்றாம் தேதி பஸ்ஸுக்குப் பெட்டி கட்டும்போது, பழைய தேர்வுத் தாளின் நகலும் கையில் அகப்பட்டது. கட்டடத்தின் உரிமையாளரே அதற்குப் பொறுப்பு வல்லுநராக இருக்கலாமா என்பது அதில் நாற்பத்தேழாவது கேள்வி. 'கூடாது' என்று சரியாக எழுதி, அவள் ஒரு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.